மாரெட் டீச்சரின் மௌனம்

செண்பகவல்லி டீச்சர் எந்த வார்த்தையையும் முழுதாகச் சொல்ல மாட்டார். பாதியைச் சொல்லிவிட்டு மீதியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவார். "சூரியன் உதிக்கிற திசை கிழ..." என்று இழுத்துக் கையைக் காதுக்குப் பின்னால் வைப்பார். "...க்கு" என்று மூன்றாம் வகுப்பு மொத்தமும் சேர்ந்து முடிக்கும். கோவில்பட்டியில் அந்த நகராட்சிப் பள்ளிக்கு எதிரே ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனி இருந்தது. அங்கே பாகு கிண்டுகிறவர்களும் சில நாள் பிள்ளைகளோடு சேர்ந்து முடிப்பதாகப் பேச்சு. டீச்சருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். அவருக்குப் பாடம் நடத்தியவர்களும் இப்படித்தான் நடத்தினார்கள். நம்மூரில் பள்ளிக்கூடம் போன யாரையும் தூக்கத்தில் எழுப்பி "ஐயைந்து இருபத்..." என்று இழுத்துப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே முடித்துவைப்பார்கள்.

அந்தக் கூட்டுக்குரலுக்குள்தான் முப்பிடாதி குடியிருந்தாள். எட்டு வயது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. தனியாக அவளை எழுப்பி ஒரு கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருமே, அந்த மாதிரி திக்கல் இல்லை இது. சத்தமே வராது. தாடை இடப்பக்கம் ஒதுங்கும், இமை படபடக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். அவ்வளவு பாடுபட்டும் ஒரு சொல் வராமல் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவள் குரல் கணீரென்று வரும். ஒரு எழுத்துகூடச் சிக்காது. டீச்சர் வாய்ப்பாடு சொல்லவைக்கும்போதெல்லாம் மூன்றாவது பெஞ்சு ஓரமாக வந்து நின்றுகொள்வார். அந்த ஒரு குரலைக் கேட்கத்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வகுப்பில் 'உடன்குரல்' என்று அரசாங்கம் பெயர் வைத்த திட்டம் ஒன்று வந்து சேர்ந்தது.

முன்பெல்லாம் உலகத்தில் எந்த நாட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களோ அந்த நாட்டுக்கு அதிகாரிகள் போவார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு தடித்த அறிக்கையோடு திரும்புவார்கள். அந்த அறிக்கை எந்த டீச்சரையும் ஒன்றும் செய்ததில்லை. இந்த முறை அப்படித் தப்பிக்க முடியவில்லை. அந்த நாடுகளின் மிகச் சிறந்த ஆசிரியர்களின் வகுப்புகளை வருடக்கணக்கில் ஒலிப்பதிவு செய்து, ஓர் இயந்திரத்துக்குப் படித்துக்கொடுத்திருந்தார்கள். கடலைப்பருப்பு அளவில் ஒரு கருவி டீச்சரின் காதில் உட்காரும். வகுப்புச் சுவரில் இன்னொரு பெட்டி நடப்பதையெல்லாம் கேட்கும். 'இந்த இடத்தில் அந்த ஆசிரியர் என்ன செய்வார்' என்பதைக் காதிலிருக்கும் கருவி தமிழில் கிசுகிசுக்கும். ஒரு பள்ளிக்கு ஜப்பான் ஆசிரியர் கிடைத்தார், இன்னொன்றுக்குச் சிங்கப்பூர். செண்பகவல்லி டீச்சருக்கு வாய்த்தவர் எஸ்டோனியாவைச் சேர்ந்த மாரெட். தலைமையாசிரியர் உலக வரைபடத்தில் அந்த நாட்டைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

கருவியைக் கொண்டுவந்து மாட்டியவன் ஜெபசிங். மாவட்ட ஒருங்கிணைப்பாளர், சின்ன வயசு, சாத்தான்குளத்துக்காரன். மாரெட்டின் பெரிய பலம் காத்திருப்பு என்று அவன் விளக்கினான். அவர் கேள்வி கேட்டுவிட்டு அப்படியே நிற்பார். நம்மூர் ஆசிரியர்கள் மூச்சு விடும் நேரம்கூடக் கொடுப்பதில்லை. அவர் கொடுக்கும் நேரத்தில் ஒரு தேநீர் குடித்துவிடலாம். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் யோசிக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே இனிமேல் கூட்டுப்பதில் கூடாது. பாதி வார்த்தை கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் பேசவேண்டும்.

டீச்சர் முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டார். கேள்வி கேட்பார். காதுக்குள் 'பொறுங்கள்' என்று ஒரு பெண்குரல் சொல்லும். பொறுப்பார். இன்னொருமுறை 'பொறுங்கள்' என்று வரும். அந்த மௌனத்தில் மின்விசிறி கரகரக்கும் சத்தம் கேட்டு அவருக்கே வெட்கமாக இருக்கும். பதில் தெரியாமல் விழிப்பது தாம்தானோ என்றுகூடத் தோன்றும்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது. அது வேலை செய்தது. கடைசி பெஞ்சு வேல்சாமி இரண்டு வருஷத்துக்கும் மேலாக வாயசைத்தே காலம் தள்ளியவன். ஒரு நாள் அந்த நீண்ட மௌனத்தின் முடிவில் எழுந்து நின்று, இட்லிச் சட்டியில் தண்ணீர் கீழே இருக்க மூடியில் எப்படித் தண்ணீர் வந்தது என்பதை யாரும் கேட்காமலே விளக்கினான். டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பையனுக்கு இவ்வளவு தெரியும் என்பதை நாம் ஏன் ஒருநாளும் காத்திருந்து கேட்கவில்லை என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது. பிள்ளைகளும் மாறினார்கள். யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் முந்திக்கொண்டு கத்துவது நின்றது. மேசையைப் பார்த்துக்கொண்டு அவரவர் பதிலை அவரவர் தேடினார்கள்.

முப்பிடாதிதான் காணாமல் போனாள். பெஞ்சில் இருந்தாள், வகுப்பில் இல்லை. ஒளிந்துகொள்ளக் கூட்டுக்குரல் இல்லை. அவள் முறை வரும்போது காதுக்குள் 'பொறுங்கள்' வரும். மற்றப் பிள்ளைகளுக்கு யோசிக்கக் கிடைத்த நேரம் அவளுக்குத் திணறக் கிடைத்தது. டீச்சரின் கண்ணெதிரே அந்தச் சின்னத் தாடை ஒதுங்கி ஒதுங்கிப் போராடும். சட்டைக் காலரைக் கடித்துக் கடித்து நைந்துபோக வைத்துவிட்டாள்.

சுவர்ப் பெட்டியின் திரையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு வட்டம் உண்டு. தனியாகப் பேசினால் பச்சை. முப்பிடாதியின் வட்டம் மட்டும் சாம்பலாகவே கிடந்தது. வருஷம் முடியும்வரை சாம்பலாக இருக்கும் பிள்ளையை ஜூன் மாதம் தனிப்பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பைபாஸ் பக்கத்தில் அதற்கென்று புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். மாரெட்டின் நாட்டில் ஒரு பிள்ளை பின்தங்கினால் இன்னொரு ஆசிரியர் அந்தப் பிள்ளையைத் தேடி வகுப்புக்கே வருவாராம். கடல் தாண்டி இங்கே வந்து சேர்வதற்குள் அந்த உதவி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற வேனாக மாறியிருந்தது.

விஷயம் தெரிந்து அவள் அம்மா கனியம்மாள் வந்தாள். எதிர்க் கம்பெனியில் மிட்டாய்க்குக் காகிதம் சுற்றுகிறவள். கையில் வெல்ல வாசம் போகாமல் வாசலிலேயே நின்றாள். வீட்டில் ஆட்டுக்குட்டியோடு மணிக்கணக்கில் பேசுகிறாள், சாமி கும்பிடும்போது பாடுகிறாள் என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"அவளுக்கு வாய்தான் டீச்சர் திக்குது, புத்தி திக்கல. அந்த வேன்ல ஒரு நா ஏத்திட்டீங்கன்னா, அப்புறம் ஊரு அவள வேற மாதிரில்லா பாக்கும்."

 தாம் பார்த்துக்கொள்வதாக டீச்சர் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொள்ளப்போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சாக்பீஸ் டப்பாவுக்குள் போட்டு மூடினார். "மூவிரண்டு ஆ..." என்று இழுத்தார். பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து, பிறகு பள்ளிக்கூடம் விட்டது போன்ற சந்தோஷத்தோடு "...று" என்றார்கள். மூன்றாவது பெஞ்சு ஓரமாகப் போய் நின்றார். அந்தக் குரல் இருந்தது. எங்கேயும் போய்விடவில்லை. டீச்சர் தேவையே இல்லாமல் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் போனார்.

டப்பாவுக்குள் காதை மூடலாம், சுவரில் இருப்பதை மூட முடியுமா? தலைமையாசிரியரின் போன் அலறியது. பெட்டி பள்ளிக்குப் போடும் மதிப்பெண் ஒரே வாரத்தில் சரிந்து மாவட்டத்தின் அடியில் போய் உட்கார்ந்தது. ஜெபசிங் வந்துவிட்டான்.

டீச்சர் தயாராகத்தான் இருந்தார். எங்கேயோ குளிரில் நடத்திய பாடத்தை இங்கே வெயிலில் கொண்டுவந்து திணித்தால் எப்படி என்று ஆரம்பித்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். அந்தப் பிள்ளைக்குக் கூட்டத்தோடு சொன்னால் திக்காது, அதை ஏன் உங்கள் இயந்திரம் கணக்கில் எடுக்காது என்று கேட்டார். ஜெபசிங் குறுக்கே பேசவில்லை. அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டான். திக்குகிறவர்களுக்குச் சேர்ந்து சொல்லும்போது திக்காது என்பது மருத்துவர்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் சேர்ந்து சொல்லும்போது யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்று இயந்திரத்தாலும் பிரிக்க முடியாது, மனிதராலும் பிரிக்க முடியாது.

"நானும் இப்படி ஒரு ஸ்கூல்லதான் டீச்சர் படிச்சேன்," என்றான். "கோரஸுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டே அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் வந்துட்டேன். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதுன்னு அஞ்சாங் கிளாஸ்லதான் கண்டுபிடிச்சாங்க. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

டீச்சருக்கு வேல்சாமி ஞாபகம் வந்தான்.  அந்த மாரெட் என்கிறவரோடு ஒரு தடவை பேச முடியுமா என்று கேட்டார். அப்படி ஒரு வசதி இருந்ததாம். இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் ஜெபசிங்குக்கே அது மறந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை, சத்துணவு நேரத்தில், தலைமையாசிரியர் அறையில் திரை ஒளிர்ந்தது. அங்கே அப்போது காலை. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். பின்னால் பிள்ளைகள் குல்லாய்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாரெட் பேசினார். பெட்டி அதைத் தமிழாக்கியது. வருஷம் முழுக்க டீச்சரின் காதுக்குள் 'பொறுங்கள்' சொன்ன அதே வழவழப்பான குரல். வணக்கம் என்றது, உங்களைச் சந்திப்பதில் மகிழ்ச்சி என்றது, தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓடியது.

டீச்சருக்கு ஏதோ உறுத்தியது. குரல் ஓடி முடித்த பிறகும் அந்த அம்மாள் முகத்தில் ஏதோ நடந்துகொண்டிருந்தது.

"அந்த மொழிபெயர்ப்ப நிப்பாட்டுங்க தம்பி," என்றார். அதுவரை டீச்சர் 'சார்' என்றே அழைத்துவந்த ஜெபசிங் அப்போதுதான் 'தம்பி' ஆனான். "அவங்க குரலயே போடுங்க. புரியாட்டிப் போவுது."

அறையில் எஸ்டோனிய மொழி ஒலித்தது. இரண்டு மூன்று சொற்கள். பிறகு மௌனம். அந்த நீண்ட, புகழ்பெற்ற மௌனம். ஆனால் இப்போது அதற்கு ஒரு முகம் இருந்தது. மாரெட்டின் தாடை மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. இமை படபடத்தது. கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது. பிறகு சொல் வந்தது.

செண்பகவல்லி டீச்சருக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. இந்த முகத்தை அவர் மூன்றாவது பெஞ்சில் தினமும் பார்க்கிறார்.

"தம்பி, இவங்களுக்குத் திக்குது," என்றார்.

ஜெபசிங் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நாட்டில் பிள்ளைகளைப் படம்பிடிக்க அனுமதி கிடைக்கவில்லை, அதனால் குரலை மட்டும் எடுத்தார்கள் என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பவன் போல முணுமுணுத்தான். சத்தம் வராத திக்கல், சத்தத்தை மட்டும் கேட்டவர்களுக்கு வெறும் மௌனமாகப் பட்டிருக்கிறது. அதைக் காத்திருப்பு என்று பெயர் வைத்து மாரெட் வாய்த்த பள்ளிகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பை மறுபடி போட்டு, அந்த மௌனத்தைப் பற்றிக் கேட்டார்கள். மாரெட் சிரித்தார். அவர் சொன்னதைப் பெட்டி தன் ஏட்டுத் தமிழில் சொன்னது.

"நான் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கவில்லை. என் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு, நான் நிற்கும் நேரத்தில் அவர்களே யோசிக்கத் தொடங்கினார்கள். பதிவு செய்ய வந்தவர்களிடம் இதைச் சொன்னேன். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள்."

திக்குகிற வாயோடு தினமும் எப்படிப் பிள்ளைகள் முன்னால் போய் நிற்கத் துணிந்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். காலையில் முதலில் எல்லோரும் சேர்ந்து பாடுவோம் என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் சேர்ந்து பாடாமல் எதுவும் நடக்காது. பாடும்போது எனக்கு ஒரு வார்த்தைகூடச் சிக்காது. பாடி முடித்த சூட்டோடு பாடத்தை ஆரம்பித்துவிடுவேன். பிள்ளைகளோடு இப்போதுதானே சேர்ந்து பாடினோம், இவர்களிடம் திக்கினால் என்ன என்று இருக்கும்.

டீச்சர் ஜெபசிங்கைப் பார்த்தார். பாடல்களைப் 'பாடம் அல்லாத நேரம்' என்று ஒலிப்பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள் என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

டீச்சர் வெளியே ஓடினார். சாப்பாட்டு வரிசையிலிருந்து முப்பிடாதியை, கையிலிருந்த அவித்த முட்டையோடு அப்படியே இழுத்துவந்து திரை முன்னால் நிறுத்தினார். மொழிபெயர்ப்பை நிறுத்தச் சொன்னார். அவள் பெயரை மட்டும் ஜெபசிங் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான்.

மாரெட் வாயைத் திறந்தார். "மு" என்று உதடு குவிந்தது. சத்தம் இல்லை. தாடை ஒதுங்கியது. முப்பிடாதி முட்டையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. மாரெட் கண்ணை விலக்கவில்லை, வெட்கப்படவில்லை, அவசரப்படவும் இல்லை. பஸ் வரும்வரை நிழலில் நிற்கிறவர் போல நின்றார். பிறகு "முப்பிடாதி" என்றார், முழுதாக.

முப்பிடாதி டீச்சர் பக்கம் திரும்பினாள். அவள் தாடையும் ஒதுங்கியது. டீச்சர் பொறுத்தார். இந்த முறை காதுக்குள் யாரும் சொல்லவில்லை.

"டீச்சரா?" என்றாள் முப்பிடாதி, திரையைக் காட்டி.

"ஆமா பிள்ள. பெரிய டீச்சரு."

முப்பிடாதி தனியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக டீச்சர் அன்று பள்ளிக்கூடத்துப் பின்னால் போய் முகம் கழுவிவிட்டு வரவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார். அதோடு, வழிபாடு முடிந்து வகுப்பு தொடங்கியதும் முதலில் சேர்ந்து சொல்வோம், பிறகுதான் தனித்தனி என்றார். பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். சேர்ந்து சொல்லி முடித்த சூட்டோடு, "இனிமே பாதிய நான் சொல்ல மாட்டேன், முப்பிடாதி சொல்லுவா, நீங்க முடிங்க," என்று அவளைக் கரும்பலகைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தாம் போய் மூன்றாவது பெஞ்சில் அவள் இடத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது.  இந்தப் பிள்ளையை இன்னும் பெரிய வெட்கத்தில் தள்ளிவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

முப்பிடாதி நின்றாள். மௌனம் நீண்டது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை, ஒரு பிள்ளைகூட முந்தவில்லை. வருஷம் முழுக்க மாரெட்டின் மௌனத்தில் பழகிய பிள்ளைகள் அல்லவா? யாரோ யோசிக்கிறார்கள், பொறுக்கவேண்டும் என்று மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வேல்சாமி விரலால் மேசையில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சூரியன் உதிக்கிற திசை," என்றாள் முப்பிடாதி. மறுபடி மௌனம். தாடை ஒதுங்கி, மெல்லத் திரும்பி வந்தது. "கிழ..."

"...க்கு," என்றது வகுப்பு. எல்லாக் குரலுக்கும் மேலாக அவளுடைய குரல் கேட்டது.

அன்று முழுக்க அவள் அதே மாதிரி ஐந்தாறு கேள்விகள் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த நீண்ட நிற்றல் இருந்தது. மாலை மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகு டீச்சர் ஆசையோடு திரையைப் பார்த்தார். சாம்பல் வட்டம் இல்லை. பச்சை வட்டமும் இல்லை. முப்பிடாதியின் பெயரே பிள்ளைகளின் வரிசையில் இல்லை.

 ஜூன்வரைக்கும் பொறுக்காமல் இப்போதே தனிப்பிரிவுக்கு எழுதிவிட்டதா இந்தச் சனியன்? டீச்சர் உடனே ஜெபசிங்குக்குப் போன் போட்டார். அவன் தன் பக்கத்திலிருந்து பார்ப்பதாகச் சொன்னான்.  பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"மேல பாருங்க டீச்சர். முதல் வரி."

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். திரையின் உச்சியில், வருஷம் முழுக்க அவர் பெயர் மட்டும் இருந்த இடத்தில், எழுதியிருந்தது: ஆசிரியர்கள் - செண்பகவல்லி, முப்பிடாதி.

"கேள்வி கேட்டுட்டு, அவ்வளவு நேரம் நின்னு, அப்புறம் கிளாஸ் முழுக்கப் பதில் வாங்குற ஒரு ஆளத்தான் அதுக்குத் தெரியும்," என்றான் ஜெபசிங். "அது மாரெட். இன்னிக்கு அதே மௌனத்தத் திரும்பக் கேட்டதும், இவ டீச்சர்தான்னு முடிவு பண்ணிருச்சு. ஒரு டீச்சரத் தனிப்பிரிவுக்கு அனுப்புறதுக்கு இதுல வழியே கிடையாது."

ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்ச்சாரியில் கனியம்மாள் வேலை முடித்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றாள். முப்பிடாதி அவள் முன்னால் நின்று ஏதோ சொல்லத் தொடங்கி, நின்று, மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். காலரைக் கடிக்கவில்லை.

போனில் ஜெபசிங் தயங்கினான். இது பிழைதான், தான் நினைத்தால் ஒரு நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம் என்றான். மேலே இருப்பவர்களுக்கு மாரெட் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிப் புரியவைக்க இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அதற்கு முன்னால் இதை இப்போதே திருத்திவிடவேண்டுமா என்று கேட்டான்.

டீச்சர் பொறுத்தார். தெருவில் தாயும் மகளும் கைகோத்துக்கொண்டு திருப்பத்தில் மறையும்வரை பார்த்தார். பிறகு கையைப் பழக்கப்படி காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இருக்..." என்று இழுத்தார்.

அஞ்சாம் வகுப்புவரை கோரஸுக்குள் ஒளிந்திருந்தவன் மறுமுனையிலிருந்து முடித்தான்.

"...கட்டும்."